பின்னால் வருகிறவனுக்குக் காட்டும் கை

“நாலு பள்ளத்தாக்குப் பந்தயம் என்னோடது. எழுதுங்க கால்தீனோ, மே மாசத்துக்கு நேரா என் பேரை—”

“போன வருஷமும் உன்னோடதுதான். எட்டாவதா வந்தே. எழுதாதீங்க, நான் இன்னும் பேசி முடிக்கல—”

“காய்ச்சலோட எட்டாவது. நீ காய்ச்சல் இல்லாமலே முப்பதாவது—”

“முப்பத்தொண்ணு. சொல்றதைச் சரியாச் சொல்லு. உனக்குப் பஞ்சர் ஆனப்ப நின்னு, என் சக்கரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு முப்பத்தொண்ணு.”

அன்று அந்த ஹோட்டலில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. கடலைப் பார்த்த ஹோட்டல். கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து நிறைவார்கள். ஜனவரியில் எங்களைப் போன்ற சைக்கிள் அணிகளைத் தவிர யாரும் வருவதில்லை. நான் குளிர்த் தொப்பியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது மே மாதத்தைப் பற்றி. நான் ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மாஜிஸ்திரேட் அம்மா. எங்கள் தொழிலில் மே மாதம் நடப்பதெல்லாம் ஜனவரியில் ஒரு வெள்ளைப் பலகையில் முடிவாகிவிடும்.

வழக்கம் இதுதான். பலகையின் இடப்பக்கம் அந்த வருஷத்துப் பந்தயங்களைக் கால்தீனோ எழுதிவைப்பார். அவர்தான் எங்கள் அணியின் இயக்குநர், அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர். நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்த சீசனில் தங்கள் இலக்கு என்ன என்று எல்லார் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் நட்சத்திரம் இரண்டு. ஒன்று கேப்டன் இவானோ, முப்பத்திரண்டு வயது. இன்னொன்று லோரிஸ், இருபத்துநாலு. அன்று நாலு பள்ளத்தாக்கைக் கேட்டது இவானோ, குறுக்கே பேசியது லோரிஸ். அவர்கள் சொன்ன பிறகு, அந்தப் பந்தயத்தில் அவர்களுக்காக உழைக்கப்போகும் துணையாட்களின் பெயர்களைக் கீழே சின்ன எழுத்தில் எழுதுவார்கள். துணையாளின் இலக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. அடுக்களையில் கரண்டியைப் பார்த்து உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

நான் துணையாள். எர்மெஸ் கார்மினாத்தி, முப்பத்தாறு வயது, அது என் பதின்மூன்றாவது சீசன். ஜெயித்தது ஒன்றுமில்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்னைப் போல நூறு பேர் இருக்கிறார்கள்.

துணையாளின் வேலை என்ன என்று உங்கள் எழுத்தர் காலையில் கேட்டார். கேப்டனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைப்பது. அணிக் கார் வரை பின்வாங்கிப் போய், தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடி முன்னால் வருவது. அவன் சக்கரம் போனால் நம் சக்கரத்தைக் கொடுப்பது. கால் இருந்தால் இதெல்லாம் யாரும் செய்யலாம். கடைசியாக ஒன்று இருக்கிறது. அதுதான் கை.

கூட்டமாகப் போகும்போது பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவனின் முதுகும் பின்சக்கரமும்தான் தெரியும். அதனால் முன்னால் இருப்பவன் பள்ளமோ கல்லோ கம்பமோ எதைக் கண்டாலும், ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டுமோ அந்தப் பக்கமாக வீசுவான். சைக்கிள் மன்றத்தில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லித்தருகிறார்கள். பந்தயத்தில் ஒருவனை ஒருவன் இடிக்கலாம், திட்டலாம், ஊக்கமருந்து சாப்பிட்டு ஏமாற்றலாம். எல்லாம் பார்த்திருக்கிறேன். கையால் பொய் சொன்னவனைப் பார்த்ததில்லை. எதிரணிக்காரனுக்குக்கூடச் சரியாகத்தான் காட்டுவோம்.

ஒன்பது வருஷம் இவானோ என் பின்னால் வந்தான். மலையிறக்கத்தில் அவன் சாலையைப் பார்ப்பதே இல்லை, என் இடுப்பைத்தான் பார்ப்பான். ஒருமுறை தொலைக்காட்சியில் கேட்டார்கள், இவ்வளவு வேகமாக இறங்குகிறீர்களே, பயமில்லையா என்று.

“எனக்கென்ன பயம்? எனக்கு மூணு கண்ணு. மூணாவது எர்மெஸோட முதுகுல இருக்கு.”

அவன் நல்லவன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை கல்யாணத்துக்கு வந்து, ஆடி, ஷூவைத் தொலைத்துவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. எனக்குப் பொதுவாகவே கோபம் வராது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கோபத்துக்காக அல்ல, தொழில் புரிய வேண்டும் என்பதற்காக. ஐந்து வருஷத்துக்கு முன்னால் சார்தீனியாவில் ஒரு பந்தயம். காலையிலேயே நான் தனியாகப் பிரிந்து ஓடிவிட்டேன். முடிவுக் கோட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டம் எனக்கு எட்டு நிமிடம் பின்னால் இருந்தது. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. காதிலிருந்த இயர்போனில் கால்தீனோவின் குரல் வந்தது.

“எர்மெஸ், நில்லு.”

“என்ன?”

“நில்லுன்னு சொன்னேன். இவானோ பின்னாடி தனியா மாட்டிக்கிட்டான், காத்து பலமா அடிக்குது. அவன் வர்ற வரைக்கும் நில்லு. வந்ததும் இழுத்துட்டுப் போ.”

சாலையோரம் காலை ஊன்றி நின்றேன். ஆடு மேய்க்கிற ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“என்னப்பா, சைக்கிள் கெட்டுப்போச்சா?”

“இல்லீங்க.”

“கால் பிடிச்சிக்கிச்சா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“பின்ன ஏன் நிக்கறே? நீதான முன்னாடி போறே?”

“பின்னாடி ஒருத்தர் வர்றாரு.”

அவர் என்னையும் வெறும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஆறு நிமிடம் நின்றேன். என்னைத் தாண்டி மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவன் அன்று ஜெயித்தான். இவானோ நாலாவது. ராத்திரிச் சாப்பாட்டில் என் தோளைத் தட்டி, “அடுத்த வருஷம் உனக்கு ஒரு நாள் தர்றேன்” என்றான். அடுத்த வருஷமும் அதையே சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் சொன்னான், அதுதான் அவனிடம் இருந்த சிரமம்.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். நாலு பள்ளத்தாக்குப் பந்தயம் ஐந்து நாள் நடப்பது. ஒவ்வொரு நாளையும் ஒருவன் ஜெயிப்பான், ஐந்து நாள் நேரத்தையும் கூட்டி மொத்தப் பந்தயத்தை ஒருவன் ஜெயிப்பான். அந்த வருஷம் அதன் மூன்றாம் நாள் முடிவுக் கோட்டை என் சொந்த ஊரான கோர்னாஸ்கோவில், நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. எங்கள் ஊரில் பியேரா என்ற பெண்மணி பார் நடத்துகிறார். அந்த பாரின் சுவரில், ஊர்க்காரர்களில் எதையாவது ஜெயித்தவர்களின் படம் மாட்டுவது வழக்கம். பனிச்சறுக்கில் ஜெயித்தவர், மரப்பந்து உருட்டி ஜெயித்தவர். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய முயலோடு ஒருவர் நிற்கிறார். முயல்காரர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பதின்மூன்று வருஷம் காபி குடித்திருக்கிறேன்.

“என் படத்தை எப்ப மாட்டுவீங்க, பியேரா அக்கா?”

“ஜெயிச்சுட்டு வா, ஆணி நானே அடிக்கறேன்.”

“நான் இவானோவை ஜெயிக்க வச்சிருக்கேனே, பதினாலு தடவை.”

“அப்ப இவானோ படத்தை வேணா மாட்டறேன். பெரிய படமாக் கொண்டா.”

பார் முழுக்கச் சிரித்தது.

அதனால் அந்த ஜனவரிக் கூட்டத்தில், இரண்டு நட்சத்திரங்களும் சண்டை போட்டு ஓய்ந்து, நாலு பள்ளத்தாக்கு இவானோவுக்கு என்றும், லோரிஸுக்கு ஆகஸ்ட் என்றும் கால்தீனோ எழுதி முடித்து மார்க்கர் பேனாவை மூடிய பிறகு, நான் கையைத் தூக்கினேன்.

“கழிப்பறை அந்தப் பக்கம், சித்தப்பா” என்றான் லோரிஸ். வயது காரணமாக என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

“எனக்கும் ஒரு இலக்கு இருக்கு” என்றேன். “நாலு பள்ளத்தாக்கு, மூணாம் நாள். எங்க ஊர்ல முடியுது. அன்னிக்கு என்னை விட்டுடணும். தண்ணி இல்ல, காத்து மறைக்கிறது இல்ல. எனக்காக நான் ஓட்டணும். இதுதான் என் கடைசி வருஷம்.”

இவானோதான் எழுந்தான். மேசைகளுக்கு இடையில் புகுந்து என்னிடம் வந்து, என் தொப்பியைக் கழற்றி, தலையில் முத்தமிட்டான்.

“அந்த நாள் உன்னோடது, எர்மெஸ். என் அம்மா மேல ஆணை. எழுதுங்க கால்தீனோ.”

கால்தீனோ எழுதினார். மூன்றாம் நாள் என்பதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து, ‘எ’. பெயரை முழுதாக எழுத அங்கே இடமும் இருந்தது.

மே மாதம், இரண்டாம் நாள் இவானோவுக்குச் சங்கிலி கழன்றது. பதினொரு நொடி போயிற்று. மறுநாள் காலை பேருந்தில், இவானோ சோறும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கால்தீனோ எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

“திட்டம் மாறுது. இன்னிக்கே அந்தப் பதினொரு நொடியை வாங்கியாகணும். எர்மெஸ் இவானோவோட இருக்கணும். கடைசி வரைக்கும்.”

“இன்னிக்கு என் நாள்” என்றேன்.

“தெரியும்.”

“பலகைல எழுதினீங்க.”

“எழுதினேன். இவானோ, நீயே சொல்லு.”

இவானோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அடுத்த வருஷம், எர்மெஸ்.”

“எனக்கு அடுத்த வருஷம் இல்ல.”

“அப்ப ஜூன்ல ஏதாவது பாப்போம். உங்க ஊர் எங்க ஓடிப்போகப்போகுது? அந்த மலைல ஏறி ஓட அதுக்குக் கால் வேணுமே.”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். லோரிஸ் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டிக்காரன் என்பதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அன்றைய பாதை கோர்னாஸ்கோவை இரண்டு முறை தொடும். முதல்முறை ஊர் நடுவே புகுந்து வெளியே போய், ஒரு மலையைச் சுற்றி இறங்கி, மறுபடி ஊருக்குள் வந்து முடியும். முதல்முறை ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் காதில் குரல் வந்தது: தண்ணீர் எடுத்துக்கொண்டு போ. போய் எடுத்தேன். எட்டு பாட்டில். சட்டைக்குள் முதுகில் ஐந்து, நெஞ்சில் மூன்று. இப்படி வீங்கிய கோலத்தில், கூட்டத்துக்கும் பின்னால், கடைசி ஆளாக என் ஊருக்குள் நுழைந்தேன். ஊரே தெருவில் இருந்தது. ஒரு வீட்டு மாடியில் படுக்கை விரிப்பில் என் பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பியேரா பார் வாசலில் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறி நின்றிருந்தார்.

“எர்மெஸ், எனக்கும் ஒரு பாட்டில் குடுத்துட்டுப் போ, தொண்டை காயுது.”

தெரு முழுக்கச் சிரிப்பு. அன்பான சிரிப்புதான். அவர்களுக்கு நான் அப்படித்தான் பழக்கம்.

பாட்டில்களைக் கொடுத்தேன். மலையில் இவானோவை இழுத்தேன். உச்சியை நாங்கள் மூன்று பேர் முதலில் தாண்டினோம்: நான், என் பின்னால் இவானோ, அவன் பின்னால் லோரிஸ். எங்களைத் துரத்தி ஐம்பது பேர். கீழே ஊர் தெரிந்தது. முடிவுக் கோட்டுக்கு ஆறு கிலோமீட்டர்.

இறக்கத்தின் பாதியில் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் வலப்பக்கம் ஒரு கல் தொட்டி சாலைக்குள் ஓர் ஆள் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த தொட்டி. இடிக்கக் கூடாது என்று பாரம்பரியத் துறை சொல்லிவிட்டது. அதன்மேல் இரண்டு வைக்கோல் கட்டு போட்டு, பக்கத்தில் மஞ்சள் கொடியோடு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். அவர் கொடியை ஆட்டினார், விசில் ஊதினார். எனக்கு எல்லாம் தெரிந்தது. என் பின்னால் இருந்தவனுக்கு என் முதுகு தெரிந்தது.

பந்தயக் குழுவின் விசாரணையில், கை காட்ட நேரமில்லை என்று எழுதிக்கொடுத்தேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று அவர்களுடைய கணக்கே சொன்னது.

நேரம் இருந்தது. அதை இப்போது திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். நான் கை காட்டவில்லை என்பதும் சரியல்ல. காட்டினேன். இடக்கையைப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்கம் வீசினேன். இடப்பக்கம் தடை இருக்கிறது, வலப்பக்கம் ஒதுங்கு என்று அதற்கு அர்த்தம். அவன் ஒதுங்கினான். ஒன்பது வருஷமாக ஒதுங்கியதைப் போலவே, அரை நொடிகூட யோசிக்காமல். தொட்டி அவன் கண்ணில் படாமல் மறைத்தபடி நேராகப் போய், கடைசியில் நான் மட்டும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சத்தம் பற்றிக் கேட்டீர்கள். மரக்கதவை யாரோ காலால் சாத்தியது போல இருந்தது.

நான் அவனைத் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்து ஓட்டுவது ஒவ்வொருவரின் சொந்தப் பொறுப்பு என்று சங்கத்தின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் பார்த்திருக்கலாம். லோரிஸ் பார்த்தான், தப்பித்தான்.

இந்த இடத்தில் நேற்று நீங்கள் என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தீர்கள். என் சைக்கிளில் இருந்த சின்னக் கணினியின் பதிவு. ஏப்ரல் மாதம், இரண்டு நாள், அதே இறக்கம், அதே வளைவு, பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் அருகில். அது தற்செயலா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் தண்ணீர் கேட்டேன். இன்று சொல்கிறேன். தற்செயல் இல்லை. எவ்வளவு தாமதமாகத் திரும்பினால் எனக்கு ஆபத்து இல்லை, பின்னால் வருகிறவனுக்கு இடம் இருக்காது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அவன் வாக்கை மீறவே இல்லையே என்பது உங்கள் கேள்வி. உண்மை. ஏப்ரலில் அவன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஈஸ்டருக்குச் சாக்லேட் முட்டைகூட அனுப்பியிருந்தான். ஆனால் மே மாதம் இலக்கு என்றால் ஏப்ரலில் தயாராக வேண்டும், அம்மா. இவானோவும் அப்படித்தான் தயாரானான். லோரிஸும் அப்படித்தான். அந்த நாளை எனக்கு உண்மையிலேயே விட்டிருந்தால் அந்தத் தயாரிப்பு வீணாகப் போயிருக்கும், அவ்வளவுதான். எத்தனையோ தயாரிப்பு வீணாகப் போகிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கேப்டன் விழுந்தால் துணையாள் நிற்க வேண்டும். பெரிய விபத்து என்றால் பின்னால் வரும் கூட்டமும் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும். இது எழுதாத சட்டம். கூட்டம் நின்றது. லோரிஸ் நின்றான். காதில் கால்தீனோ, நில்லு எர்மெஸ், நில்லு எர்மெஸ் என்று கத்திக்கொண்டிருந்தார். சார்தீனியாவில் ஒரு தடவைதான் சொன்னார், உடனே நின்றேன். இந்த முறை இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

நாலு நிமிட வித்தியாசத்தில் ஊருக்குள் வந்தேன். ஒலிபெருக்கியில் விபத்துச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. தெரு முழுக்க ஜனம், ஒரு சத்தம் இல்லை. என் சக்கரத்தின் சத்தம் எனக்கே கேட்டது. மனம் நெகிழ்ந்துபோனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. கோட்டைத் தாண்டும்போது இரண்டு கையையும் ஒன்றாக மேலே தூக்கினேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பியேரா அன்று பாரைச் சீக்கிரமே மூடிவிட்டார். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர், களைப்பாக இருந்திருக்கும்.

இவானோ ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தான். பன்னிரண்டாம் நாள் அவனுக்கு நினைவு நன்றாக வந்தது. என்னைக் கூப்பிட்டுவரச் சொன்னான். அவன் மனைவி எங்களைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனாள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பேச்சு மட்டும் மெல்ல வந்தது.

“ஜெயிச்சியாமே.”

“ஆமா.”

“உங்க ஊர்லயே.”

“ஆமா.”

“நான் உன் கையைத் தப்பாப் பாத்துட்டேன், எர்மெஸ். நீ இடப்பக்கம் காட்டியிருப்பே, எனக்கு வலப்பக்கமாத் தெரிஞ்சிருக்கு. களைப்பு. உன்னையும் சேத்து விழ வச்சிருப்பேன். மன்னிச்சுடு.”

“பரவாயில்ல” என்றேன்.

“லோரிஸுக்கு இனிமே நீதான் எல்லாம் சொல்லித்தரணும்.”

தருகிறேன் என்றேன். அவனுடைய வாயைத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன். பாருங்கள், அவனே மன்னிப்புக் கேட்டிருக்கிறான். எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை.

சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் முன்வரிசை இடப்பக்கம் நான். முன்னால் போவது எனக்குப் பழக்கம் என்று அவன் மனைவிதான் கேட்டுக்கொண்டாள். கோயில் வாசலில் மூன்று படி. ஒரு கையை விடுவித்து, பின்னால் வருகிறவர்களுக்குப் படி இருப்பதைக் காட்டினேன். யாருக்கும் கால் இடறவில்லை.

நான் ஏன் இப்போது, எட்டு மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமலே வந்தேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம். உங்கள் எழுத்தர் அப்படித்தான் தட்டச்சு செய்தார், நான் தடுக்கவில்லை.

ஆகஸ்டில், ஓய்வுபெறப் போகிறேன் என்று அணியிடம் சொன்னேன். ஒரு வெற்றி வந்துவிட்டது, போதும். மறுவாரம் கால்தீனோ கூப்பிட்டு, இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் என்றார். புதுக் கேப்டன் லோரிஸ் கேட்டிருக்கிறானாம். நான் வேண்டாமென்று சொல்வதற்குள் லோரிஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

“கையெழுத்துப் போடுங்க, சித்தப்பா.”

“எனக்கு வயசாச்சு, லோரிஸ்.”

“நான் மூணாவதா வந்துட்டிருந்தேன்.”

“எங்க?”

“உங்க ஊர் இறக்கத்துல. இவானோவுக்குப் பின்னாடி. எனக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கு, சித்தப்பா. கண்ணு டாக்டரே ஆச்சரியப்பட்டாரு.”

நான் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“யார்கிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நடந்தது நடந்துடுச்சு. நீங்க காத்து மறைப்பீங்க, நான் ஜெயிப்பேன்.”

“எத்தனை வருஷம்?”

“என் கால் ஓடுற வரைக்கும். ஆனா இறக்கத்துல மட்டும் நான் முன்னாடி போறேன். நீங்க எனக்குப் பின்னாடி வாங்க.”

கையெழுத்துப் போட்டேன். போன வாரம் மறுபடி ஜனவரிக் கூட்டம். லோரிஸ் எழுந்து இலக்குகளைச் சொன்னான். மார்ச்சில் ஒன்று, மே மாதம் நாலு பள்ளத்தாக்கு, ஜூலையில் ஒன்று. நான் கையைத் தூக்கினேன். இந்த வருஷம் ஏதாவது ஒரு நாள், சின்னப் பந்தயமாக இருந்தாலும் போதும் என்றேன். ஒரு தடவை ஜெயித்தவனுக்கு மறுபடி ஜெயிக்கத் தோன்றுவது இயற்கை.

“சித்தப்பாவுக்கு ஒரு நாள் வேணுமாம்” என்றான் லோரிஸ் எல்லாரையும் பார்த்து. “அடுத்த வருஷம் தரலாம்.”

கால்தீனோ சிரித்துக்கொண்டே மார்க்கரை மூடினார். எட்டு மாதமாக நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் நான். அன்று தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை உங்களிடம் வந்தேன்.

லோரிஸின் பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களா? அவன் பார்த்தான், பார்த்ததை மறைத்தான், மறைத்ததை வைத்து என்னிடம் வேலை வாங்கினான். இதுவும் குற்றம்தான் என்று நினைக்கிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி அவனுக்குப் பந்தயம் இருக்கிறது. விசாரணைக்கு அதற்கு முன்னால் கூப்பிடுவீர்களோ பின்னால் கூப்பிடுவீர்களோ, அது உங்கள் விருப்பம். முன்னால் கூப்பிடுவது வழக்குக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டேன். தேதிகள் சரியாக இருக்கின்றன. பதினொரு முறை என்பதும் சரி. “தெரிந்தே, முன்கூட்டியே திட்டமிட்டு, அவருடைய மரணத்துக்குக் காரணமான” என்ற வாக்கியமும் சரிதான், நீளமாக இருந்தாலும் சரி. கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் போட்டிருக்கிறேன். வாயிலில் காத்திருக்கும் போலீஸ்காரர்களோடு நானே நடந்து போகிறேன், விலங்கு போட்டாலும் ஆட்சேபணை இல்லை.

நீங்கள் காகிதங்களை அடுக்குகிறீர்கள். எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார். எழுந்திருப்பதற்கு முன்னால், கேட்காமல் போனால் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் கேட்கிறேன்.

“ஒண்ணே ஒண்ணும்மா. அந்த மூணாம் நாள் ஜெயிச்சது என் பேர்லயேதான இருக்கும்?”